பழுப்பு வந்தால் நல்லது

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை அத்தை, பழுக்கவில்லை. பழுப்பு வந்தது என்றுதான் சொன்னேன். பழுத்துவிட்டது என்று சொல்லவில்லை. நேற்றுத் தொலைபேசியில் நான் "பழுப்பு வந்துடுச்சு அத்தை" என்றதும் நீங்கள் மாமாவைத் திரும்பி நிற்கச் சொன்னதும், சட்டையைத் தூக்கித் தையல் போட்ட இடத்தை அமுக்கிப் பார்த்ததும், அவர் "நல்லாத்தானே இருக்கு, ஏண்டி கிள்ளறே" என்றதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உங்கள் வீட்டுத் தொலைபேசி எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

வணக்கம். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க ஒரு வாரமாகப் பயந்தேன். இன்று பயமில்லாமல் கேட்கிறேன். நலமா?

பழுப்பு வந்தால் நல்லது. வராவிட்டால்தான் கெட்டது. இவ்வளவுதான் விஷயம். மிச்சப் பக்கங்கள் அது எப்படி வந்தது என்பதற்கு.

வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் பள்ளி நூலகத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். ஒரு நூலகரிடம் சொல்லக் கூடாத வார்த்தை, தெரியும். சரி, யாரும் எடுக்காத புத்தகம் ஒன்றில் செருகி வையுங்கள். மாமாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

முதலில் கட்டி.

இந்த வாரக் குழப்பத்தில் பாதி இந்த ஒரு சொல்லால் வந்தது. மாமாவின் தோள்பட்டைக்குக் கீழிருந்து எடுத்தது கட்டி. அதை நறுக்கி, மெழுகில் புதைத்து, தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்து உங்கள் ஊர் மருத்துவமனைக்காரர்கள் கையில் கொடுத்தார்களே, அதுவும் கட்டி. "சந்தேகமா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க" என்றார்கள். மாமா "பார்க்கலாம்" என்றார். மாமாவின் பார்க்கலாம் எத்தனை வருடம் ஓடும் என்று நம் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் குளிக்கப் போன நேரத்தில் நீங்கள் மருத்துவமனைப் பையைத் திறந்து, ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டு, கூரியர் கடைக்குப் போய் நின்றீர்கள்.

"உள்ள என்ன இருக்கு?"

"கட்டி."

"சோப்பா?"

"இல்லப்பா. வீட்டுக்காரரோடது."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை கூடு வந்து சேர்ந்தது. கூடவே உங்கள் சீட்டு: "கண்ணு, உன் மருந்துல இதை ஒரு தடவை முக்கிப் பாரு."

அது மருந்து இல்லை அத்தை. எத்தனை முறை சொன்னாலும் மருந்து என்றே சொல்கிறீர்கள். அது ஆன்டிபாடி. எதிர்ப்பொருள். கட்டைவிரல் நகத்தளவு குப்பி, குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் நிற்கிறது. எங்கேயோ ஒரு முயலின் உடம்பில் உருவானது. அந்த முயலை எனக்குத் தெரியாது. மெல்லியதாகச் சீவிய திசுவின் மேல் ஒரு சொட்டு விட்டால், அங்கே இருக்கிற ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்றே ஒன்றைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதற்கு நிறம் ஏற்றுவோம். பழுப்பு. பழுப்பு இருந்தால் புரதம் இருக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எனக்கும்.

அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்டதில்லை. மாமா கேட்டார். நான் ஆய்வில் சேர்ந்த வருடம், குடும்பத்தில் எல்லோரும் உதவித்தொகை எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் "அது என்ன வேலைம்மா பண்ணுது?" என்றார். உங்கள் நூலகத்தை வைத்தே விளக்கினேன். செல்லுக்குள் இருக்கிற அறை மிகச் சிறியது, புத்தகங்கள் ஏராளம், அதனால் அலமாரிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நெருக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு புத்தகம் வேண்டுமென்றால் யாராவது அலமாரியைத் தள்ளி வழிவிட வேண்டும். தள்ளுகிற கூட்டத்தில் ஒரு ஆள் இந்தப் புரதம். அவன் வேலைக்கு வராவிட்டால் செல்லுக்கு எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று தெரியாது. எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதிய பக்கம் கைக்கு எட்டாது. அது வளர்ந்துகொண்டே போகும். சில பொல்லாத கட்டிகளில் அவன் இருக்கவே மாட்டான்.

அன்றிலிருந்து மாமா தொலைபேசியில் என்னை நலம் விசாரிப்பதில்லை. "உன் ஆளு இன்னிக்கு வேலைக்கு வந்தானா?" என்பார்.

அவருடைய கட்டி என் மேஜையில் இருந்தது.

குப்பியில் ஒரு வரி அச்சிட்டிருக்கிறது. ஆய்வுக்கு மட்டும், நோயைக் கண்டறிய அல்ல. இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற வரி. சனிக்கிழமை அதை நான்கு முறை படித்தேன். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். உங்களை அழைத்து, மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. பயந்த ஆள் சரியானதைச் செய்வதில்லை. கைக்குப் பழகியதைச் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆய்வகத்தில் யாரும் இல்லை. மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் குளிரவிட்டு, கருவியில் பொருத்தி, முடியைவிட மெல்லியதாகச் சீவி, அந்தச் சீவல் சுருண்டு என் மூச்சுக்கே பறந்து மேஜைக்கடியில் போய், மாமாவை நான் நாற்காலியை நகர்த்தித் தேடி, கிடைக்காமல் இரண்டாவது சீவலை எடுத்து, வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி, மெழுகைக் கரைத்து, பிறகு குக்கர், ஆமாம் சமையலறைக் குக்கர்தான், எங்கள் ஆய்வகத்தில் இதுவரை பழுதாகாத ஒரே கருவி அது, அதில் ஸ்லைடை வேகவைத்து, ஆறவைத்து, முயலின் சொட்டை விட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்து, கழுவி, இரண்டாவது சொட்டை விட்டு, கழுவி, நிறத்தை விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பழுப்பு வா வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். இதையெல்லாம் கோட்டுப் போடாமல், காலணி மாற்றாமல், குறிப்பேட்டில் ஒரு வரி எழுதாமல் செய்தேன். திருட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். திருடர்கள் இவ்வளவு முறை கழுவ மாட்டார்கள்.

பழுப்பு வரவில்லை.

நுண்ணோக்கியில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீலம், பின்னணிக்காகக் கடைசியில் போடுகிற சாயம். அடர்த்தியான, உருண்டையான, நெருக்கமான நீலப் புள்ளிகள். ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை. ஆள் வேலைக்கு வரவில்லை. ஓர் அலமாரியிலும் இல்லை.

ஸ்லைடை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து, சரியாகத்தான் பூட்டினேனா என்று பார்த்துவிட்டுப் பூட்டினேன்.

திங்கள் காலை நீங்கள் அழைத்தீர்கள். ஸ்பீக்கர். "என்ன கண்ணு, காஞ்சுதா?" ரகசிய பாஷை என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டிருந்தீர்கள். "இன்னும் காயலை அத்தை" என்றேன். பின்னால் மாமாவின் குரல்: "என்ன காயணும் அவளுக்கு?" நீங்கள்: "துணி." மாமா: "அங்க மழையா?" நான்: "ஆமாம் மாமா." வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. செவ்வாயும் இதே. புதனும் இதே. புதனன்று மாமா தொலைபேசியை வாங்கி, "மழைக்காலத்துல மெல்லிசா உடுத்தும்மா, சீக்கிரம் காயும்" என்றார். நான் சரி மாமா என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அந்த மூன்று நாளும் எனக்குத் தெரிந்த கட்டுரைகளையெல்லாம் படித்தேன். தெரிந்தவள் படிப்பது தெரியாதவள் படிப்பதைவிட மோசம். வாக்கியங்களின் முடிவுக்குப் போகும் முன்பே அர்த்தம் வந்துவிடுகிறது.

புதன் மதியம் டைமர் அக்கா என்னைப் பிடித்துவிட்டார். டைமர் அக்கா எங்கள் ஆய்வகத்தில் இருபது வருடமாக ஸ்லைடு செய்கிறவர். கழுத்தில் எப்போதும் ஒரு டைமர் தொங்கும். தேநீர் ஆறுவதற்கும் வைப்பார்.

"என்னடி, மூணு நாளாப் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லைக்கா."

"ஒண்ணுமில்லைன்னா டிராயரைப் பூட்டிப் பூட்டிப் பார்ப்பியா? எடு வெளிய."

எடுத்தேன். அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். ஸ்லைடை நகர்த்தினார். நிறுத்தினார். மறுபடி நகர்த்தினார்.

"யாரோடது இது?"

"ஒருத்தரோடது."

"அந்த ஒருத்தரோட ரத்தக்குழாயைப் பார்த்தியா?"

"எதுக்குக்கா?"

"எதுக்காவா? கட்டி வெளுத்துக் கிடக்கட்டும். குழாய் ஏன் வெளுத்துக் கிடக்கு? இந்தப் புரதம் இல்லாம ரத்தக்குழாய் எப்படிடி இருக்கும்? ஆளு உசிரோடதானே இருக்காரு?"

"காலையில பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"மெல்லிசா உடுத்தச் சொன்னாரு."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்போ புரதம் இருக்கு. உனக்குத்தான் புத்தி இல்லை. ரெண்டாவது சொட்டு எதைப் போட்டே? காட்டு."

குளிர்பெட்டியைத் திறந்தோம். இரண்டு குப்பிகள், ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. விஷயம் இதுதான் அத்தை. முதல் சொட்டு முயலிலிருந்து வந்தது என்றேன் இல்லையா. இரண்டாவது சொட்டின் வேலை அந்த முயல் சரக்கைக் கண்டுபிடித்து, அது எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே நிறத்தை ஏற்றுவது. அதற்குப் பெயர் முயல் எதிர்ப்பு. பக்கத்துக் குப்பி எலி எதிர்ப்பு. எலியிலிருந்து வந்த சரக்கை மட்டும் தேடும். ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்தது பக்கத்துக் குப்பி. பாவம், எலியைத் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது மாமாவின் திசு முழுக்க எலியைத் தேடியிருக்கிறது. மாமாவிடம் எலி இல்லை. கழுவினதும் போய்விட்டது.

"கூட கன்ட்ரோல் ஸ்லைடு ஒண்ணு வச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் அக்கா. உறுதியாகப் பழுப்பு வரும் என்று தெரிந்த வேறு திசுவையும் கூடவே சாயம் போட வேண்டும். அதிலும் வராவிட்டால் தப்பு நம்முடையது. முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு நான் எடுக்கிற வகுப்பில் முதல் பாடம் இது. போர்டில் இரண்டு தரம் அடிக்கோடு போடுவேன்.

அக்காவின் டைமர் அடித்தது. தேநீர்.

நான் மேடமின் அறைக்குப் போனேன். என் ஆய்வு வழிகாட்டி. தலையைத் தூக்காமல் பேசுகிறவர்.

"மேடம், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"ஒண்ணுதானா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிக் கூடு, ஞாயிற்றுக்கிழமை, மாமா. அனுமதி இல்லாமல், சொந்தக்காரர் திசுவில், ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிய குப்பியை. அவர் தொடர்ந்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார்.

"கன்ட்ரோல் வச்சியா?"

"இல்லை மேடம்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. பேனாவை மூடினார். முதல் தப்புக்காக நான் என்ன செய்தேன் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். இரண்டாவது தப்புக்கு இந்தக் கட்டடத்தில் மன்னிப்பு இல்லை என்றார். "தப்பா முடிஞ்சதை அப்படியே விட்டா நீ இன்னும் ஒரு மாசத்துக்கு வேலைக்கு ஆக மாட்டே. அக்காவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒழுங்காத் திரும்பப் பண்ணு. என்ன வந்தாலும் அது ரிப்போர்ட் இல்லை. புரியுதா? அவரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இனிமே சொந்தக்காரங்க கட்டி எதுவும் இந்த வாசல் தாண்டக் கூடாது."

"சரி மேடம்."

"முயல் எதிர்ப்பு" என்றார், நான் கதவருகே போனதும்.

வியாழக்கிழமை, கோட்டுப் போட்டு, குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் கன்ட்ரோல் ஸ்லைடோடு, அக்கா தோளுக்கு மேலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்க, மறுபடி செய்தேன். நிறத்தை விட்டதும் இரண்டு நிமிடம். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஸ்லைடின் நடுவில் ஒரு சின்னப் பழுப்புக் கறை, தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரி. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு உருண்டைப் புள்ளியிலும் பழுப்பு. ரத்தக்குழாயின் சுவரில் பழுப்பு. ஆள் எல்லா அலமாரியிலும் இருந்தான். ஒருவர்கூட விடுப்பு இல்லை. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அக்கா, "கையுறையோட தொடாதே" என்றார்.

உடனே உங்களை அழைத்தேன். அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாமாவின் முதுகுக்கும் தெரியும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு நேற்று ஒழுங்காகச் சாப்பிட்டேன். வெளியே வந்தபோது தெரு பழைய தெருவாகவே இருந்தது. பழக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு மறு கையால் குடையைப் பிடித்திருந்தாள். எதற்கும் காரணம் இல்லாமல் எல்லாமே பிடித்திருந்தது. இவ்வளவு எளிய உணர்ச்சி எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் அத்தை, கவனமாகப் படியுங்கள். பழுப்பு வந்தால் நோயே இல்லை என்று அர்த்தம் இல்லை. நான் பயந்த அந்தப் பொல்லாத வகை இல்லை, அவ்வளவுதான். இது அறிக்கை இல்லை. நான் மருத்துவர் இல்லை; திசுவைப் படிக்கவும் எனக்குத் தெரியாது, ஒரு புரதத்தை மட்டும்தான் அடையாளம் தெரியும். மாமாவை எப்படியாவது பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு இந்தக் கட்டி வேண்டும். திங்களன்று அதே கூட்டில் திருப்பி அனுப்புகிறேன். அவர் குளிக்கும்போது பையில் போட்டுவிடுங்கள். அவருக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் நம் இருவரையும் சும்மா விடமாட்டார்.

உங்கள் மூட்டு வலிக்கும், நூலகக் கூரை ஒழுகலுக்கும், மாமாவின் பார்க்கலாமுக்கும் சீக்கிரம் ஒரு நல்ல முடிவு வரட்டும். இருவர் கால்களையும் இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறேன். உங்கள் வலிக்கிற முழங்காலை மட்டும் மெதுவாக.

உங்கள் அன்பு மருமகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கீழே காவலாளி கூப்பிட்டார். யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்றார். மாமா.

"அத்தைகிட்ட வந்தேன்னு சொல்லாதே" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க லேப்ல மெழுகுக் கட்டி ஒண்ணு பண்ணிக் குடுக்க முடியுமா? உள்ள எதுவும் வேண்டாம். வெறும் மெழுகு போதும். மேல ரெண்டுன்னு நம்பர் போட்டுக் குடு. அத்தை பையைத் திறந்து பார்த்தா ரெண்டும் இருக்கணும்."

மருத்துவமனை கொடுத்தது இரண்டு கட்டிகள் அத்தை. நீங்கள் ஒன்றை எடுத்தீர்கள். மாமா அடுத்த நாளே, உங்களிடம் சொன்னால் பயப்படுவீர்கள் என்று, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே பையைத் திறந்தால் ஒன்றுதான் இருக்கிறது. வழியில் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து அன்றிலிருந்து பேருந்துப் பணிமனை முதல் கட்டிலடி வரை தேடியிருக்கிறார். அவர் அலமாரியைக் குடைந்ததைப் பார்த்து உயில் எழுதத் தாள் தேடுகிறார் என்று நினைத்ததாக அம்மாவிடம் அழுதீர்களாம். அவர் தேடிக்கொண்டிருந்தது நீங்கள் எடுத்ததைத்தான், அது அவருக்குத் தெரியாது.

அறிக்கை அவர் கையில் இருந்தது. முந்தாநாளே வந்துவிட்டது. தீங்கில்லாத கட்டி, முழுதாக எடுத்தாயிற்று, ஆறு மாதம் கழித்து ஒரு முறை காட்டினால் போதும். என் புரதத்தையும் பார்த்திருக்கிறார்கள். இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். முறையாக, கன்ட்ரோலோடு. கட்டி முழுவதும் ஒன்று என்று எண் போட்டதில் இருந்ததாம். இரண்டு என்று எண் போட்டதில் ஓரத்துச் சதையும் கொஞ்சம் அழற்சியும் மட்டும் என்று உங்கள் ஊர் மருத்துவமனை அப்போதே எழுதியிருந்ததாம்.

என் மேஜையில் இருந்தது இரண்டு. நான் பார்த்து நடுங்கிய உருண்டைப் புள்ளிகள் வெறும் வெள்ளையணுக்கள். அந்தக் கட்டியில் கட்டியே இல்லை அத்தை. மூன்று நாள் அழுததும் பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டதும் மாமாவின் ஆரோக்கியமான முதுகுக்காக.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். ஒன்பது பக்கம். விட்டுவிட்டேன்.

அவரை மேலே கூட்டிப்போய், டிராயரைத் திறந்து மெழுகுக் கட்டியை அவர் முன்னால் வைத்தேன். கையில் எடுத்து மேலே இருந்த எண்ணைப் பார்த்தார்.

"இது எப்படி இங்க?"

"கூரியர்ல வந்துச்சு மாமா."

"அவளா?"

"ம்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. கட்டிலுக்கடியில கிடைச்சுதுன்னு சொல்லிக்கறேன். ரிப்போர்ட்டையும் இன்னிக்கே காட்டிடறேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. எழுதியிருக்கிறேன்.

கட்டியை அவர் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை மாட்டிவிட்டு, பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். திரும்பி வந்துதான் இந்தப் பின்குறிப்பை எழுதினேன். இப்போது தபாலில் சேர்க்கப் போகிறேன்.